சீயோனில் கழற்றிய வாங்கு

வேல்ஸுக்குப் போகக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. லண்டனிலிருந்து மேற்கே வான் வண்டியை ஓட்டிக்கொண்டே போனால் ஒரு பெரிய ஆறு வரும். ஆற்றின் மேல் பாலம் வரும். பாலம் முடிந்தால் வேல்ஸ். இதை அண்ணைக்கு வடிவாக விளக்கியிருந்தேன். அப்படியிருந்தும் அவர் தன் பயணப் பத்திரத்தையும் பாஸ்போர்ட் அளவு போட்டோக்களையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"வேறை நாடு எண்டு சொல்லினம். பேந்து இறக்கிவிட்டாங்கள் எண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார்.

அகதியாக வந்தவர்களுக்கு எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். அந்தப் பயணத்தில் எனக்கு வேறு வேலை இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். என் கணவர் அங்கே சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் செயலாளர். டயர்க் கடைக்கு மேலே ஒரு மண்டபம் அப்போதுதான் கிடைத்திருந்தது. மண்டபம் இருந்தது, இருக்க ஒன்றும் இல்லை. பெற்றோர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் க்வென் என்றொரு வேல்ஸ்காரி என்னோடு எக்ஸ்ரே பகுதியில் இருந்தாள். அவளுடைய ஊரில் அவளுடைய தாயார் வழிபடப் போகும் சேப்பலை மூடுகிறார்களாம். சனம் இருக்கிற நீளமான மர வாங்குகளை யார் வந்து எடுத்தாலும் கொடுப்பார்களாம். இதைக் கேட்ட உடனே எனக்கு வாங்குகள் நினைவுக்கு வரவில்லை. வான்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் வான் வைத்திருந்தது அண்ணை மட்டும். கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில்.

அண்ணையும் என் கணவரும் அப்போது ஒரு வருடமாகப் பேசுவதில்லை. காரணம் மைக். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அண்ணைக்கு நன்றியுரை. அவர் நன்றி சொல்லத் தொடங்கினால் விறகு கொண்டுவந்தவனிலிருந்து தொடங்குவார். மேடைக்குப் பக்கத்தில் மயில் வேஷம் போட்ட பிள்ளையொன்று கழிவறைக்குப் போகவேண்டுமென்று அழுதது. தோகையைக் கழற்றினால் திரும்பக் கட்ட முடியாது. என் கணவர் போய் மைக்கை நிறுத்திவிட்டார். அண்ணைக்கு இருக்கிற குரலுக்கு மைக் நின்றது அவருக்கே தெரியவில்லை. பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். அடுத்த நாள்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு முடிந்தது. பிறகு அந்த வசந்த காலத்தில் எங்கள் மகள் பெரியபிள்ளையானாள். கோடையில் சாமத்திய வீடு செய்யவேண்டும். தாய்மாமன் வந்து தேங்காய் உடைக்காமல் ஒன்றும் நடக்காது. "தாய்மாமன் எண்டால் தானா வரவேண்டியதுதானே" என்றார் என் கணவர். "ஆம்பிளை வந்து வாயாலை சொல்லாமல் நான் ஏன் போகவேணும்?" என்றார் அண்ணை. நடுவில் நானும் பிள்ளையும். ஆகவே இருவரையும் ஒரே வானில் ஏற்றிவிட்டால் எங்கேயாவது ஒரு இடத்தில் வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அண்ணை ஓட்டுகிறார். என் கணவர் யன்னலோரம் வரைபடத்தோடு. நான் நடுவில், முழங்காலில் கியர் இடிக்க, மடியில் புட்டுப் பார்சலோடு.

"ரவுண்டபௌட்டிலை மூண்டாவது வழி எண்டு சொல்லும்" என்பார் கணவர்.

அண்ணைக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனால் நான் திருப்பிச் சொல்லும்வரை வழியைப் பார்க்க மாட்டார். நான் "அண்ணை, மூண்டாவது" என்ற பிறகுதான் சிக்னல் போடுவார். ஒரு இடத்தில் என் வாய்க்குள் புட்டு இருந்தது. புட்டு என்பது அவசரத்துக்கு விழுங்கக்கூடிய சாமான் இல்லை. நான் விழுங்கி முடிக்கும்வரை அண்ணை அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வட்டத்தின் நடுவில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார், பிறகு கை காட்டத் தொடங்கினார்.

பாலத்தில் வேல்ஸுக்குள் போகக் காசு கேட்டார்கள். வெளியே வரும்போது இலவசம் என்று எழுதியிருந்தது. அண்ணை அதை வாசித்துவிட்டு, "அப்ப இவங்களுக்கு ஆக்கள் வாறதுதான் பிரச்சினை, போறது இல்லை" என்றார். பயணப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. அதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

பாலத்துக்கு அப்பால் பெயர்ப் பலகைகள் எல்லாம் இரண்டு மொழியில். அண்ணைக்கு உற்சாகம் வந்தது. "பாத்தியே பிள்ளை, ரெண்டு மொழியும் ஒரே பலகையிலை. சண்டை சச்சரவு இல்லாமல்."

"சண்டை பிடிச்சுத்தான் போட்டிருப்பாங்கள் எண்டு சொல்லும்" என்றார் கணவர்.

சொன்னேன்.

க்வெனின் ஊரின் பெயரை இங்கே எழுத முயன்றேன். தமிழில் இருக்கிற எழுத்துப் போதாது. நாக்கை மேல் பல்லில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை விடவேண்டும். க்வெனின் தாயார் திருமதி ப்ரைஸ் அதை எங்களுக்குச் சொல்லித் தந்தார். பதிலுக்கு நாங்கள் 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னோம். எழுபது வயதைத் தாண்டிய பெண், ஒரு கையில் தேநீர்க் கேத்தலோடு வாசலில் நின்று வாழைப்பழம் சொல்ல முயன்ற அழகுக்காக அந்தப் பாலத்துக்கு இன்னொரு தரமும் காசு கொடுக்கலாம்.

ஊர் என்பது இரண்டு மலைக்கு நடுவில் கிடக்கிற ஒரு நீளமான பள்ளம். வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டதுபோல வரிசையாக மலையில் ஏறுகின்றன. வரிசைக்கு ஒரு சேப்பல். சேர்ச் என்று தவறிச் சொன்னால் திருமதி ப்ரைஸ் திருத்துவார். சேர்ச் என்பது அரசிக்கும் பணக்காரருக்கும் உரியது, சேப்பல் என்பது சுரங்கத் தொழிலாளர் தங்கள் கூலியில் கட்டியது. நிலக்கரிச் சுரங்கம் மூடியதும் இளம் ஆட்கள் வேலை தேடிப் போய்விட்டார்கள். சேப்பல்கள் மட்டும் போக இடமில்லாமல் நின்றன. நாங்கள் வந்த வழியிலேயே ஒன்றில் கம்பளம் விற்றார்கள். ஒன்றில் பிங்கோ. இன்னொன்றின் நெற்றியில் கல்லில் ஏதோ வேத வசனம், அதற்குக் கீழே வாசலை இடித்துக் கதவு வைத்து, உள்ளே ஒரு கார் தூக்கி நிறுத்தியிருந்தது.

"எங்கடை ஆக்களிட்டைக் குடுத்திருந்தால் எல்லாத்தையும் கோயிலாக்கியிருப்பம்" என்றார் அண்ணை.

"ஆக்கிப்போட்டு நிர்வாகசபைக்குச் சண்டை பிடிச்சிருப்பம் எண்டு சொல்லும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் திருமதி ப்ரைஸ் தன் பகுதியின் விசேஷ உணவு செய்திருந்தார். பெயரில் ரொட்டி இருந்தது, தட்டில் இல்லை. கருப்பும் பச்சையுமாக ஒரு களி. கடற்பாசியை மணிக்கணக்காக அவித்து, ஓட்ஸ் மாவில் பிரட்டிப் பொரித்தது. வெள்ளிக்கிழமையில் என் கணவர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிட மாட்டார்.

"கடலுக்குள்ளை இருந்து வந்தால் அது மச்சம்தானே எண்டு உன்ரை அவரிட்டைக் கேள் பிள்ளை" என்றார் அண்ணை.

"உப்பும் கடலிலை இருந்துதான் வருகுது. உப்பு மச்சமோ எண்டு கேளும்."

"உப்புக்கு வேர் இருக்கோ எண்டு கேள்."

"பாசிக்கு வேர் இருந்தால் அது மரக்கறி எண்டுதானே அர்த்தம் எண்டு சொல்லும்."

தன் வாதத்தால் தானே வென்ற என் கணவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மிக நன்றாக இருக்கிறது, செய்முறை என்ன என்று கேட்டார். பன்றி இறைச்சியிலிருந்து உருகிவரும் நெய்யில் பொரித்தால்தான் அந்த வாசம் வரும் என்றார் திருமதி ப்ரைஸ். அண்ணை அன்று இரவு முழுதும் வேறு எதுவும் பேசத் தேவையில்லாதவராகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை. ஞாயிறு பெத்தேல் என்ற அந்தச் சேப்பலில் கடைசி வழிபாடு. முன் இரண்டு வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற வாங்குகளை இன்றே கழற்றத் தொடங்கலாம், பூட்டின் திறப்பு வாசலில் பூச்சாடிக்குக் கீழே இருக்கிறது, வீதியில் சிப்ஸ் கடை தாண்டியதும் வலப்பக்கம் என்று சொல்லிவிட்டுத் திருமதி ப்ரைஸ் தலைமுடி சுருட்டப் போய்விட்டார். கடைசி வழிபாட்டுக்குத் தலை ஒழுங்காக இருக்கவேண்டுமாம்.

அவர் சொன்ன வழி, அவருடைய வீட்டிலிருந்து மேலே நடந்து போகிறவர்களுக்கு. எங்கள் வானோ அந்த ஏற்றத்தில் பாதியில் மூச்சுவிட்டு நின்றுவிட்டது. ஆகவே மலையைச் சுற்றிக்கொண்டு மேல் முனையிலிருந்து இறங்கி வந்தோம். கீழேயிருந்து போனால் வலப்பக்கம் இருப்பது மேலேயிருந்து வந்தால் இடப்பக்கம் இருக்கும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீதியின் இருபுறமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு சேப்பல்கள். இரண்டு வாசலிலும் பூச்சாடி. வலப்பக்கச் சாடியைத் தூக்கினோம். திறப்பு இருந்தது.

உள்ளே போனதும் அண்ணை வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். பிறகு சுற்றிப் பார்த்தார். சிலை இல்லை, படம் இல்லை, மெழுகுதிரிகூட இல்லை. சுற்றிவர மாடி இருக்கைகள், நடுவில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு பிரசங்க மேடை, கீழே அரை வட்டமாக மூப்பர்கள் இருக்கும் பெரிய ஆசனம். சுவர் முழுதும் வெள்ளை.

"சாமியைக் கொண்டுபோயிட்டாங்கள் போலை கிடக்கு. அப்ப மூடினது இதுதான்" என்று அண்ணை முடிவு செய்தார். திரும்பச் செருப்பைப் போட்டார்.

அந்த வாங்குகள் எங்கள் தலைமுறை கழற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆணிகள் தரையில் ஊறிப்போயிருந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் முழங்காலில் இருந்து, நான் நடுவில் நின்று "அண்ணை, அவர் தூக்கச் சொல்லுறார்", "இஞ்சருங்கோ, அண்ணை பொறுக்கட்டாம்" என்று சொல்லச் சொல்ல, கடைசியில் ஒரு வாங்கு அசைந்தது. அதைத் தூக்கி வாசலால் வெளியே கொண்டுவந்து நடைபாதையில் வைத்தபோது மழை தூறத் தொடங்கியது. வானுக்குள் ஏற்றப் பார்த்தால் வாங்கு வானைவிட நீளம்.

அப்போது சிப்ஸ் கடையிலிருந்து ஒரு வயதானவர் பேப்பர் பொட்டலத்தோடு வந்தார். தலையில் தட்டைத் தொப்பி. வாங்கைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல மரம்" என்றார்.

"நல்ல மரம்" என்றார் என் கணவர்.

"எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"லண்டனுக்கு."

"அவ்வளவு தூரமா?" அவர் ஒரு சிப்ஸை வாயில் போட்டார். "யார் அனுப்பினது?"

"பெத்தேல் சேப்பல்காரர்."

"அப்படியா" என்றார். பிறகு அந்த வாங்கின் வலது முனையில் போய் அமர்ந்தார். "இது சீயோன். பெத்தேல் அங்கே இருக்கிறது." சிப்ஸால் எதிர்ப்பக்கம் காட்டினார். "இது என் இடம். நாளைக்கும் எனக்கு இங்கே இருக்கவேண்டும்."

அவர் பெயர் மோர்கன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் எழும்பவில்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், தலை அசைத்தார், எழும்பவில்லை. திரும்ப உள்ளே வைக்கிறோம் என்றோம், வையுங்கள் என்றார், எழும்பவில்லை. நடைபாதையில், மழையில், சேப்பல் வாங்கில் அமர்ந்து சிப்ஸ் சாப்பிட்டார். வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒரு பெண் வந்து அவருக்குக் குடை பிடித்தாள். இன்னொருத்தி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையைத் தரும்போது, "வெட்கமாக இல்லையா?" என்று கேட்டு, சீனி எத்தனை கரண்டி என்றும் கேட்டாள்.

அரைமணி கழித்துத் திருமதி ப்ரைஸ் பிளாஸ்டிக் மழைத்தொப்பிக்குள் புதுச் சுருளோடு வந்து சேர்ந்தார். மோர்கனைப் பார்த்தார். வாங்கைப் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"இவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று அவரிடம் சொல்" என்றார்.

மோர்கன் ஒரு முழத் தூரத்தில் இருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"பெத்தேல்காரருக்கு எங்கள் வாங்கு மேல் எப்போதும் ஒரு கண் என்று அவளிடம் சொல்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். அண்ணை தன் செருப்பைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, கடல் தாண்டி, பாலம் தாண்டி வந்து, அந்த ஊரில் பிறந்து அந்த ஊர் மொழியே பேசும் இருவருக்கு நடுவில் நின்று நான் ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.

கடைசியில் மோர்கன் எழும்பினார். வாங்கை உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தோம். ஆனால் ஆணிகளை அண்ணை கவனமாக வைத்த இடம், வாசலிலிருந்த வடிகாலின் கம்பி மூடிக்கு மேலே. இடது முனைக்கு ஆணி கிடைத்தது. வலது முனைக்கு இல்லை.

அன்று பின்னேரம் தேநீர் வேளையில், இந்த இரண்டு சேப்பலும் ஏன் பேசுவதில்லை என்று கேட்டோம். திருமதி ப்ரைஸ் திராட்சை போட்ட தட்டையான கேக்குகளைச் சூட்டுக் கல்லில் புரட்டிக்கொண்டே சொன்னார். முதலில் பெத்தேல் மட்டும்தான் இருந்ததாம். அங்கே ஒரு போதகர். நல்ல மனிதர், ஆனால் பிரசங்கம் நீளம். மத்தியானச் சாப்பாடெல்லாம் அடுப்பில் கருகிப்போகும். பொறுத்துப் பார்த்த சில மூப்பர்கள் ஒரு ஞாயிறு, பிரசங்க மேடைக்கு நேரெதிரே மாடிச் சுவரில் ஒரு மணிக்கூட்டைக் கொழுவிவிட்டார்கள். போதகர் மேலே ஏறினார், மணிக்கூட்டைக் கண்டார், இறங்கி வெளியே போனார். பாதிச் சபை அவரோடு போய் வீதிக்கு அந்தப் பக்கம் சீயோனைக் கட்டியது. இது திருமதி ப்ரைஸின் பாட்டனார் காலம். சீயோனில் இன்றுவரை மணிக்கூடு இல்லை.

அண்ணை கேக்கைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மனிசன் நாலு நல்ல விஷயம் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை, அவற்றை முகத்துக்கு நேரை மணிக்கூடு கொழுவுறது என்ன பண்பு?"

"வீட்டிலை சோறு கருகேக்கை மற்றவை என்ன செய்யிறது?" என்றார் என் கணவர்.

"ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு துண்டு எழுதி மேசையிலை வைச்சிருக்கலாம்."

"துண்டை வாசிக்கவும் அவர் பேச்சை நிப்பாட்டவேணும் எல்லோ. நீங்கள் நிப்பாட்டுவியளோ?"

"நான் ஏன் நிப்பாட்டவேணும்? போதகரைப் பற்றித்தானே கதைக்கிறம்."

"ஓம், ஓம், போதகரைப் பற்றித்தான்."

"அந்த மனிசன் பள்ளிக்கூடத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருப்பார், அதை யோசிச்சியளோ?"

"சேப்பலுக்காக."

"சேப்பலுக்காகத்தான் சொல்லுறன்."

குழந்தை கண்ணயரும்போது தொட்டிலை விட்டு மெல்ல விலகுவதுபோலக் கதிரையைப் பின்னால் நகர்த்தினேன். இரண்டு பேரும் என்னை மறந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எதைப் பற்றி இவ்வளவு சண்டை?" என்று கேட்டார் திருமதி ப்ரைஸ்.

"உங்கள் மணிக்கூட்டைப் பற்றி."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்" என்றார். இருவருக்கும் இன்னும் இரண்டு கேக் வைத்தார்.

ஞாயிறு காலை பெத்தேலின் கடைசி வழிபாடு. எழுநூறு பேர் இருக்கக் கட்டிய இடத்தில் கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய சனம். பெண்கள் எல்லோருக்கும் புதுச் சுருள். க்வென் லண்டனிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். மணிக்கூடு மாடிச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. வழிபாடு தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. மோர்கன் தட்டைத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் சீயோன்காரர், அவர்களும் ஒரு கைப்பிடிதான். பின்னால் அமர்ந்தார்கள். வாங்கு திருட ஆள் அனுப்புகிறவர்களை நேரில் பார்க்க வந்ததாக மோர்கன் பிறகு சொன்னார்.

பாட்டுத் தொடங்கியது. வேல்ஸ் மொழியில். இவ்வளவு குறைந்த சனத்திடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆளுக்கொரு குரல் எடுத்து, கீழே, மேலே, நடுவே என்று நாலு பக்கத்திலிருந்தும் கட்டிடத்தையே தூக்கினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

திடீரென்று எனக்குப் பக்கத்தில் யாரோ தமிழில் பாடுவது கேட்டது. திரும்பினேன். என் கணவர். கண்ணை மூடிக்கொண்டு, அதே மெட்டில், அதே தாளத்தில், தமிழ் ஞானப்பாட்டு. சைவச் சனம்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் படித்தது மிசன் பள்ளிக்கூடத்தில். தினமும் காலையில் வரிசையில் நின்று பாடிய பாட்டாம். அந்த மெட்டு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் அங்கே போனது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் குளியலறையில்கூடப் பாடி நான் கேட்டதில்லை.

இரண்டாவது சரணத்தில் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது சரணத்தில் போதகர் கை காட்டி மற்றவர்களை மெல்லப் பாட வைத்தார். தமிழ் தனியாக மேலே எழுந்தது. பாட்டு முடிந்தபோது மோர்கன் கைக்குட்டையால் மூக்கைச் சீறினார். அண்ணை என் காதுக்குள் குனிந்தார்.

"மச்சான் பாடுவார் எண்டு ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கே தெரியாது அண்ணை."

"இதை வைச்சுக்கொண்டு ஆண்டு விழாவிலை என்னைப் பேச விட்டிட்டு இருந்திருக்கிறார்" என்றார். கோபமா பெருமையா என்று பிடிபடவில்லை.

எல்லாம் முடிந்து, ஆட்கள் எழுந்து, யாருக்கும் வெளியே போக மனமில்லாமல் நின்றார்கள். திருமதி ப்ரைஸ் முன் வரிசையில் தனியாக அமர்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு எங்கே போவது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்று க்வென் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சீயோனில் காலடி வைப்பதில்லை என்று தாயிடம் செய்துகொடுத்த சத்தியம் வேறு இருந்ததாம்.

மோர்கன் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் என்னைத் தேடினார்கள். நான் க்வெனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வேறு வழியில்லாமல் மோர்கன் தொண்டையைச் செருமினார். "என் வாங்கு ஆடுகிறது" என்றார். "வலது முனைக்கு ஆணி இல்லை. நான் தனியே இருந்தால் எழும்பும்போது துள்ளுகிறது. இன்று காலை இருந்து பார்த்தேன். மற்ற முனையில் யாராவது இருந்தால் நல்லது."

திருமதி ப்ரைஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வலது முனையில் நீங்கள் அல்லவா இருப்பீர்கள்?"

"ஆமாம்."

"அப்படியென்றால் எனக்கு இடது முனை. எனக்கு வலது காதுதான் கேட்கும். அந்தப் பக்கம் இருந்தால் பிரசங்கம் கேட்காது."

"கேட்காவிட்டால் நல்லது" என்றார் மோர்கன். "எங்களிடம் மணிக்கூடு இல்லை."

திருமதி ப்ரைஸ் தன் சத்தியத்தை என்ன செய்தார் என்று தெரியாது. சனிக்கிழமை போட்ட சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மழை இல்லாவிட்டால் பார்ப்போம்" என்றார். அந்த ஊரில் மழை இல்லாத ஞாயிறு கிடையாது. அடுத்த ஞாயிறும் மழைதான், அவர் போனார் என்று க்வென் பிறகு சொன்னாள்.

ஞாயிறு வேலை செய்யக்கூடாது என்பதால் திங்கள் காலைதான் வாங்குகளை ஏற்றினோம். மோர்கன் வாளோடு வந்து, வானுக்கு நீளம் கூடினவற்றை அளந்து வெட்டித் தந்தார். புறப்படும்போது அண்ணை அவருக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். தமிழில். மோர்கன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

திரும்பி வரும்போது பெருந்தெருவில் பெற்றோல் போட நிறுத்தினோம். நான் கழிவறையிலிருந்து வந்தபோது, தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் என் கணவர் அண்ணைக்கு நேரெதிரே நின்றார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தார்.

"மச்சான், பிள்ளைக்குச் சாமத்திய வீடு வைச்சிருக்கிறம். நீங்களும் மச்சாளும் வந்து செய்துதர வேணும்."

அண்ணை தேநீரைக் கலக்கினார். நெடுநேரம் கலக்கினார்.

"பெற்றோல் செட்டிலை வைச்சே தாய்மாமனைக் கூப்பிடுறது?" என்றார். "வீட்டுக்கு வந்து முறையாச் சொல்லுங்கோ, மச்சான்."

என் கணவரின் முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். லண்டன் வரும்வரை வானுக்குள் ஒருவரும் பேசவில்லை. எல்லாம் திரும்பவும் மைக்குக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.

மிச்சத்துக்கு வந்ததும் அண்ணை எங்கள் வீதிக்குத் திரும்பவில்லை. நேரே ஓட்டித் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். யன்னலால் அவர் அவசரமாகச் சட்டை மாற்றுவது தெரிந்தது. மேசையிலிருந்த பேப்பர்களை வாரி எங்கேயோ திணித்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"போங்கோவன்" என்றேன்.

அவர் இறங்கி, கையால் தலையை வாரிக்கொண்டு, வாசலில் போய் நின்று பெல்லை அடித்தார். உடனே திறக்கப்படவில்லை. உள்ளே குசினியிலிருந்து வருகிறவர் நடக்கிற அளவுக்கு நேரம் எடுத்தது. பிறகு கதவு திறந்தது. புதுச் சட்டையோடு அண்ணை நின்றார்.

"அட, மச்சானோ?" என்றார். "வாங்கோ, வாங்கோ. எங்கை இந்தப் பக்கம், கண்டு எவ்வளவு காலம்."